சுவிஸ் சம்பளமும் வரியும்



"சொன்ன சம்பளம் வேறு, கையில் வருவது வேறாம்" என்று சுவிசிலுள்ள பிள்ளைகளைச் சந்தேகிக்கும் தாய்மார் பலரை நான் காண்கிறேன். பிள்ளை ஒளிக்கிறான் என்று உடனே எண்ணாதீர்கள். வரியும் காப்புறுதியும் கழிந்த பின்பே அங்கே சம்பளம் கைக்கு வருகிறது.

சுவிற்சர்லாந்தில் 'பி' வதிவிட அனுமதியுடன் வேலை செய்யும் வெளிநாட்டவரின் வருமான வரியை முதலாளியே மாதாமாதம் கழித்துக் கட்டுவார். இது மூலவரி. நிரந்தர 'சி' அனுமதி கிடைத்தபின் இந்தக் கழிவு நின்றுவிடும். அந்தக் காசை மிச்சமென நினைத்து ஊருக்கு அனுப்பக் கேட்காதீர்கள். ஆண்டு முடிய வரிப் படிவம் நிரப்பி அவர்களே வரி கட்டவேண்டும்.

மூலவரி கட்டுபவரின் ஆண்டுச் சம்பளம் 120,000 பிராங்கை எட்டாவிட்டாலும், அடுத்த ஆண்டு மார்ச் 31க்குள் விண்ணப்பித்து வரியை மீளக் கணிக்கச் செய்யலாம். ஒருமுறை கேட்டால் மூலவரி கட்டும்வரை ஆண்டுதோறும் படிவம் நிரப்பவேண்டும். வரி கூடவும் கூடும். எனவே விசாரித்துச் செய்யட்டும்.

உழைக்க இயலாத வறிய பெற்றோரைத் தாங்குவோருக்கு, குறித்த தொகைக்குக் குறையாமல் அனுப்பியிருந்தால், வரிச் சலுகை உண்டு. அதற்குச் சான்று வேண்டும். உண்டியல் காசுக்குச் சான்றேது? வங்கி மூலம் அனுப்பச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் உழைப்புக்கு நாம் இங்கிருந்து செய்யக்கூடிய உதவி அது.