மெழுகுவர்த்தி ஒளியும் ஒரு மரபின் வயதும்

கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தில் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 24 அன்று, மெழுகுவர்த்தி ஒளியில், ஒரு சிறுவனின் தனிக்குரலோடு பாடல் வழிபாடு தொடங்குகிறது. தேவாலயம் ஐந்நூறு ஆண்டுப் பழைமையுடையது. வழிபாடும் அவ்வாறே எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது அங்கே 1918இல்தான் தொடங்கியது. ஒன்பது வாசகங்களும் பாடல்களும் என்னும் வடிவமே 1880இல், ட்ரூரோ நகரின் தற்காலிக மரப் பேராலயத்தில் உருவானது. 1928இல் முதன்முறையாக ஒலிபரப்பிய வானொலி, பின்னர் அதை உலகெங்கும் கொண்டு சென்றது. இந்தியத் திருச்சபைகளிலும் அது நிலைபெற்றுள்ளது.

ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் 1983இல் மரபுகள் புனையப்படுவது குறித்த நூலைத் தொகுத்தபின், இவ்வயதுக் கணக்கு ஆய்வாளர்க்குப் பழகிவிட்டது. ஆயினும் ஒரு மரபு புதியது என்று நிறுவுவதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை. அது எத்தேவைக்காக உருவாக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

1918இல் அத்தேவை வெளிப்படையானது. போர் ஓய்ந்து ஆறு வாரங்களே ஆகியிருந்தன. படைக் குருவாகப் பணியாற்றித் திரும்பிய எரிக் மில்னர்-ஒயிட், தாம் எழுதிய தொடக்க மன்றாட்டில் ஏழைகளையும் பசித்தோரையும் துயருற்றோரையும் இறந்தோரையும் நினைவுகூரச் செய்தார்.

இன்று பெருநகரங்களில் மெழுகுவர்த்தி இசை நிகழ்ச்சிகள் நுழைவுச்சீட்டுக்கு விற்கப்படுகின்றன. அவற்றில் ஒளியும் இசையும் எஞ்சுகின்றன; மன்றாட்டுக்கு இடமில்லை. இவ்வடிவத்தைப் பயிற்றுவிக்கும் இசைத்துறைகளேனும் பாடல்களோடு அம்மன்றாட்டையும் பாடமாக வைக்க வேண்டும். யாருக்காகப் பாடப்பட்டது என்பதும் இசை வரலாற்றின் பகுதியே.