புதிய மீன்குஞ்சுகளைத் தனியே வைத்துப் பார்த்தல்

சந்தையிற் பிடித்த மாட்டை அன்றே தம் கட்டுத்தரையிற் சேர்த்துக் கட்ட நம் குடியானவர் துணியார். ஆயினும், பவானிசாகரிலிருந்தோ பிற பண்ணைகளிலிருந்தோ வாங்கிவரும் மீன்குஞ்சுகளை, வந்தவுடனே கொடுமுடிப் பக்கத்துக் குட்டைகளில் விட்டுவிடுகின்றனர். இஃது அபாயகரமான வழக்கமாகும். 1988-ல் வடகிழக்கு இந்தியாவில் காணப்பட்ட புண் வியாதி, சில ஆண்டுகளில் பல மாகாணங்களுக்கும் பரவி, விரால் முதலியவற்றைத் திரளாக மாய்த்ததை மறத்தலாகாது.

ஆதலின், புதுக் குஞ்சுகளை இரண்டு வாரமேனும் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்தல் அவசியம். விடியற்காலையில் யாவும் நீர்மட்டத்தில் வாய்பிளந்து நிற்பின், அது பெரும்பாலும் வியாதியன்று. நீரில் பிராணவாயுக் குறைவேயாம். அதற்கு மருந்து வேண்டா. புது நீர் பாய்ச்சுக. உடலை எதிலேனும் உரசித் திரியின், மீன்பேன் உண்டோவெனத் தேடுக. செம்புள்ளியும் புண்ணும் காணின், மீன்வளத் துறையாரிடம் காட்டி, அவர் கூறும் அளவிற் சுண்ணாம்பு முதலியன இடுக. குறியறியாமல் மருந்து கொட்டுவது பணத்தையும் மீனையும் ஒருங்கே இழப்பதாகும்.

இரண்டு வாரம் காத்தல் வீண் தாமதமென்பார் சிலர். ஒருவர் குட்டையின் நோய்நீர் காலிங்கராயன் வாய்க்காலிற் கலப்பின், கீழ்மடைக்காரர் யாவருக்கும் நஷ்டமன்றோ? அந்நீரை வாய்க்காலில் விடாதபடி கிராம அதிகாரிகளும் கண்காணித்தல் வேண்டும். ஒரு தொட்டியின் செலவு, ஒரு குட்டை மீனின் விலைக்கு ஈடாகாது.