சூட்கேஸுக்கு ‘டி.எஸ்.ஏ.’ பூட்டு போட்டாச்சு... உள்ளே இருக்கும் நகை பத்திரமா?

ஆன்லைனில் சூட்கேஸ் தேடினால், விலைக்குப் பக்கத்திலேயே ஒரு வரி கண்ணில் படும்: ‘டி.எஸ்.ஏ. அங்கீகாரம் பெற்ற பூட்டு’. கேட்க ஏதோ பேங்க் லாக்கர் மாதிரி இருக்கும். சில நூறு ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை என்று பலரும் வாங்கிவிடுகிறார்கள்.

ஆனால், அந்தப் பூட்டு திருடனை மனதில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. சோதனை அதிகாரிகள் பெட்டியை உடைக்காமல் திறப்பதற்காகச் செய்யப்பட்டது. இந்த வித்தியாசம் தெரியாததால்தான், கையில் இருக்க வேண்டிய நகையும் லேப்டாப்பும் பூட்டை நம்பி விமானத்தின் அடிவயிற்றுக்குப் போய்விடுகின்றன.

இந்தப் பூட்டு எப்படி வந்தது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா ‘போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம்’ என்ற அமைப்பை உருவாக்கியது. அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் டி.எஸ்.ஏ. 2002 முடிவதற்குள் எல்லா செக்-இன் பெட்டிகளையும் சோதிக்கும் ஏற்பாடு வர வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஸ்கேனரில் சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்தாக வேண்டும். பூட்டியிருந்தால்? உடைப்பதுதான் வழி.

இதற்குத் தீர்வாக 2003-ல் வந்ததுதான், அதிகாரிகளின் மாஸ்டர் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு. ‘டிராவல் சென்ட்ரி’ என்ற தனியார் நிறுவனம் இந்த முறையைக் கொண்டுவந்தது. பூட்டில் இருக்கும் சிவப்பு வைர வடிவம் அந்த நிறுவனத்தின் முத்திரை. நம்பர் பூட்டில் ஒரு சாவித் துளை இருந்தும், கூடவே சாவி வரவில்லையே என்று குழம்ப வேண்டாம். அந்தத் துளை அதிகாரிகளுக்கானது.

மாஸ்டர் சாவி அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறதா?

இல்லை. 2014-ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் ஒரு கட்டுரையில் இந்த மாஸ்டர் சாவிகளின் படம் தெளிவாக வெளியானது. அடுத்த ஆண்டே அவற்றை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளும் கோப்புகள் இணையத்தில் வந்துவிட்டன. அச்சடித்த சாவி பூட்டைத் திறக்கும் வீடியோக்களும் வந்தன.

அப்போது டி.எஸ்.ஏ. தரப்பு சொன்ன பதிலின் சாரம்: இந்தப் பூட்டுகள் பயணிகளின் மனநிம்மதிக்கானவை, விமானப் பாதுகாப்பு இவற்றை நம்பி இல்லை. சம்பந்தப்பட்ட அமைப்பே இவ்வளவுதான் உத்தரவாதம் தருகிறது என்றால், விளம்பரத்தை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

சாவிகூட வேண்டாம், பேனா போதும்

ஜிப் வைத்த பெட்டியைத் திறக்க மாஸ்டர் சாவிகூடத் தேவையில்லை. பால்பாயின்ட் பேனாவின் முனையை ஜிப் பற்களுக்கு நடுவே அழுத்தினால் ஜிப் பிளந்துகொள்ளும். வேலை முடிந்ததும், பூட்டால் சேர்ந்திருக்கும் இரண்டு ஜிப் முனைகளையும் ஒன்றாக இழுத்து ஒரு சுற்று ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு போட்டது போட்டபடியே தொங்கும். வீட்டுக்கு வந்து பார்க்கும்வரை எதுவும் தெரியாது.

எனவே ஜிப் முனைகளைப் பெட்டியின் உடம்போடு சேர்த்துப் பூட்டும் மாடல் கொஞ்சம் மேல். திறக்க முடியும், தடயமில்லாமல் மூடுவது கஷ்டம். ஜிப்பே இல்லாமல், கிளிப் வைத்து மூடும் பெட்டி அதைவிட மேல். ஆனால் விலையும் எடையும் கூடும்.

அப்போ பூட்டே வேண்டாமா?

வேண்டும். பெல்ட்டில் உருளும்போது ஜிப் தானாகத் திறக்காமல் இருக்கவும், போகிற போக்கில் கைவிடுபவரைத் தடுக்கவும் பூட்டு உதவும். நம்பரை மட்டும் கடையில் வந்த 000-விலேயே விட்டுவைக்காதீர்கள். அமெரிக்கப் பயணத்துக்கு டி.எஸ்.ஏ. முத்திரை இருந்தால் பூட்டு உடைபடும் வாய்ப்பு குறையும். மற்றபடி அது கட்டாயம் இல்லை. சாதாரண நம்பர் பூட்டே போதும்.

சென்னை உள்ளிட்ட பெரிய இந்திய விமான நிலையங்களில், கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி பெல்ட்டில் போகும் வழியிலேயே ஸ்கேன் ஆகிறது. சந்தேகம் வந்தால் பயணியைக் கூப்பிடுவார்கள். இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் வரவழைப்பது பவர் பேங்க். அது செக்-இன் பெட்டியில் இருக்கவே கூடாது. கைப்பையில்தான் இருக்க வேண்டும். அதை வெளியே எடுத்துவிட்டாலே பெட்டி திறக்கப்படும் வாய்ப்பு பாதி குறைந்த மாதிரி.

பாஸ்போர்ட், நகை, பணம், லேப்டாப், மருந்து, ஒரிஜினல் சான்றிதழ் ஆகியவையும் கைப்பையில்தான். ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களில் மேலே இடம் குறைவு என்பதால், டிராலியைக் கடைசி நேரத்தில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். இவற்றையெல்லாம் தனியாக ஒரு சின்னப் பையில் வைத்திருந்தால், அதை மட்டும் உருவிக்கொண்டு ஏறலாம்.

பொருள் காணாமல் போனால்?

பூட்டைவிடப் பெரிய பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைப் பற்றி எந்த சூட்கேஸ் விளம்பரமும் பேசாது.

சர்வதேசப் பயணங்களுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2009-ல் இதில் சேர்ந்தது. பெட்டி சேதம், தாமதம், இழப்புக்கு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். வரை விமான நிறுவனம் பொறுப்பு. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் இது ஒன்றரை லட்சத்துக்கும் மேல். 2024 டிசம்பர் 28 முதல் இந்த உச்சவரம்பு அமலில் உள்ளது. உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய்தான்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு. பெட்டி சேதமாகியிருந்தாலோ, உள்ளே பொருள் குறைந்திருந்தாலோ 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால், கைக்கு வந்ததிலிருந்து 21 நாட்கள். போனில் கத்துவது புகார் ஆகாது. பெல்ட்டில் பெட்டியை எடுத்ததும் ஜிப்பைச் சுற்றிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுன்ட்டரில் ‘பி.ஐ.ஆர்.’ எனப்படும் புகார் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே உங்கள் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். பேக் பண்ணும்போது பெட்டியின் உள்பக்கம், மூடிய பிறகு வெளிப்பக்கம், கவுன்ட்டரில் எடை ஆகியவற்றை போனில் படம் எடுத்துவையுங்கள். ஜிப்பில் எண் போட்ட பிளாஸ்டிக் சீல் ஒன்று மாட்டினால், யாராவது திறந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். திருட்டைத் தடுக்காது, மறைக்க விடாது.

ஒரு எச்சரிக்கை: செக்-இன் பெட்டியில் வைத்த நகை, பணம், லேப்டாப்புக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான விமான நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன.

பொறுப்பு பயணிக்கு மட்டுமா?

கவுன்ட்டரில் கொடுத்த பெட்டி ஸ்கேனர், லோடர், சரக்கு அறை, இடையில் இறங்கும் ஊர் என்று பல கைகள் மாறித்தான் திரும்ப வருகிறது. பயணி பார்ப்பது முதல் கையையும் கடைசி பெல்ட்டையும் மட்டும்தான். நடுவில் நடப்பதற்கெல்லாம் ‘நல்ல பூட்டு வாங்கியிருக்கலாமே’ என்று பயணியையே குறை சொல்வது நியாயமில்லை.

டி.எஸ்.ஏ. அதிகாரிகள் பெட்டியைத் திறந்து பார்த்தால், சோதித்ததாக ஒரு சீட்டை உள்ளே வைக்கிறார்கள். பயணி இல்லாதபோது யார் திறந்தாலும், எந்த விமான நிலையமாக இருந்தாலும், எப்போது, எந்த அமைப்பு திறந்தது என்ற குறிப்பு பெட்டிக்குள் இருக்க வேண்டும். 7 நாள் கெடு என்பதை போர்டிங் பாஸில் ஒரே வரியில் அச்சிடுவதும் விமான நிறுவனங்களுக்குப் பெரிய செலவில்லை. உணவு, கூடுதல் சீட் விற்க மெசேஜ்மேல் மெசேஜ் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு வரி முடியாத காரியமா என்ன?