வெந்த காற்றை உண்ணும் வண்டி

 

மதுரை மாட்டுத்தாவணியை அறியாதார் தென்னாட்டில் இலர் எனலாம். கால்நடைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி விற்ற சந்தைக்குத் தாவணி என்பது பழம்பெயர். அப்பெயர் தாங்கிய இடத்தில் 1999-ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மலர்ச் சந்தையும் காய்கனிச் சந்தையும் ஆம்னி பேருந்துகள் நிற்கும் இடமும் சூழ்ந்துள்ளமையால், மாடுகள் கட்டுண்டு நின்ற தாவணியில் இன்று வண்டிகள் வரிசை பிடித்து நிற்கின்றன.

அக்னி நட்சத்திர நாள்களில் இங்கே அடிக்கடி நிகழக்கூடிய ஒன்றைக் கூறுகிறோம். நெடுந்தொலைவு ஓடி வந்த கார் ஒன்று, உறவினரை அழைத்துச் செல்வதற்காக வெயிலில் நிறுத்தப்படுகிறது. கால் மணி நேரம் கழித்து, பெரியவர்களும் குழந்தைகளும் ஏறி அமர்ந்தபின் வண்டி கிளப்பப்படுகிறது. மேலூர்ச் சாலையில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் வண்டி சோம்பலாய் நகர்கிறது. பின்னால் பேருந்து விரைந்து வருகிறது. ஓட்டுபவர் எதிர்பார்த்த 'பிக்கப்' கிடைக்காத அந்தச் சில விநாடிகள் ஆபத்தானவை. வீட்டுக்காரர் பெட்ரோலில் கலப்படம் என்கிறார். ஓட்டுநர் பிளக் போய்விட்டது என்கிறார். பல நேரங்களில் இரண்டுமே காரணமல்ல. எஞ்சின் வெந்த காற்றை உண்டு கொண்டிருக்கிறது என்பதே உண்மை.

காற்றே பாதி உணவு

எஞ்சினுக்கு உணவு பெட்ரோல் மட்டுமன்று, காற்றும் ஆகும். 1200 சி.சி. எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது, முழு மூச்சாக இழுத்தால் ஏறக்குறைய 1800 லிட்டர் வரை காற்றை உட்கொள்ளும். காற்று சூடானால் விரிவடையும். விரிவடைந்த காற்றில் அதே கொள்ளளவுக்குள் பிராணவாயு குறைவாகவே இருக்கும். வெளிக்காற்று 38 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கொள்வோம். அது எஞ்சினுக்குள் நுழையுமுன் 70 டிகிரிக்குச் சூடேறினால், அதன் அடர்த்தி நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்துவிடும். விஞ்ஞான முறைப்படி 273-ஐக் கூட்டி 311-ஐ 343-ஆல் வகுத்துப் பார்த்தால் இக்கணக்கு விளங்கும்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. சூடான கலவை உரிய நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்க முற்படும். இதனையே மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பர். இன்றைய கார்களில் உள்ள கம்ப்யூட்டர், உள்ளே வரும் காற்றின் சூட்டை சென்சார் மூலம் அறிந்து, நாக்கிங்கைத் தவிர்க்கத் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. எஞ்சின் காக்கப்படுகிறது, ஆனால் வலிமை மேலும் குறைகிறது.

நிறுத்தியபின் ஏறும் சூடு

வண்டியை நிறுத்திய பின்னர்தானே சூடு தணிய வேண்டும் என்று சிலர் கேட்கலாம். ஓடும்போது எதிர்க்காற்றும் ரேடியேட்டர் விசிறியும் சுழலும் கூலன்ட் நீரும் வெப்பத்தை ஓயாது வெளியேற்றுகின்றன. சாவியைத் திருப்பியதும் எதிர்க்காற்று இல்லை. நீர் பம்ப்பும் நின்றுவிடுகிறது. புகை வெளியேறும் மேனிஃபோல்டோ பல நூறு டிகிரிச் சூட்டில் இருக்கிறது. அவ்வெப்பம் போக்கிடமின்றி பானட்டுக்குள்ளேயே தேங்கி, காற்றுக் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டி, சென்சார் ஆகிய அனைத்தையும் சுட வைக்கிறது. நிறுத்திய பின் சில நிமிடங்களுக்கு பானட்டின் உட்சூடு ஏறுவதன் காரணம் இதுவே. மீண்டும் கிளப்பும்போது காற்று அச்சூட்டின் ஊடாகவே வர வேண்டியுள்ளது. நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் குறைவான காற்றையே மெல்ல இழுப்பதால் அது மேலும் சூடேறுகிறது. ஏ.சி.யைப் போட்டுக் கொண்டு வெயிலில் காத்திருந்தால், ஏ.சி. கக்கும் வெப்பமும் இதனுடன் சேர்ந்து கொள்கிறது.

முன்னோர் கண்ட வழி

இத்தொல்லை புதியதன்று. 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை நம் நாட்டில் உருவான அம்பாசடர் காரை நினைவிற் கொள்ளுங்கள். அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில், காற்று உட்புகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்திருந்தன. குளிர் நாட்டில் பெட்ரோல் ஆவியாவதற்கு உதவிய அவ்வமைப்பு, நம் கோடையில் தொல்லையாயிற்று. பெட்ரோல் பம்ப்பிலேயே எரிபொருள் ஆவியாகி, வண்டி நடுவழியில் நிற்கும். ஓட்டுநர்கள் பம்ப்பின் மீது ஈரத்துணியைச் சுற்றி, நீர் தெளித்து, சற்று நேரம் காத்திருந்து மீண்டும் கிளப்பினர். ஏட்டுப் படிப்பின்றி அனுபவத்தால் அறிந்த வைத்தியம் அது.

மதுரைக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. இங்கு 1911-ஆம் ஆண்டில் தோன்றிய டி.வி.எஸ். நிறுவனம், இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பெட்ரோல் பஞ்சத்தின்போது, கரி வாயுவால் வாகனங்களை ஓட்டும் 'கேஸ் பிளான்ட்' கருவியைத் தயாரித்தது. கரி நெருப்பிலிருந்து வரும் வாயு மிகச் சூடானது. அதனை வடிகட்டுவது போலவே குளிர்விப்பதும் இவ்வகைக் கருவிகளில் இன்றியமையாததாகும். இன்றேல் வாயு விரிந்து மெலிந்து எஞ்சின் வலுவிழக்கும். டர்போ பொருத்திய இன்றைய பேருந்துகளிலும் கார்களிலும் 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பான் இருப்பதன் நோக்கமும் இதுவே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, கம்பெனி அமைத்த காற்றுக் குழாய் முழுமையாக உள்ளதா எனப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதன் வாய், வெளிக்காற்று படும் வண்ணம் முகப்பு கிரில்லின் பின்புறமோ ஹெட்லைட் அருகிலோ இருக்கும். டிங்கரிங் வேலைக்குப் பின் இக்குழாய் மீண்டும் மாட்டப்படாமல் போவதுண்டு. மாட்டினாலும் கிளிப் இன்றித் தொங்குவதுண்டு. ரப்பர்க் குழாயில் விரிசல் கண்டால் மாற்றுங்கள்.

இரண்டாவதாக, மேனிஃபோல்டின் மேல் தகட்டினாலான வெப்பத் தடுப்பு ஒன்று இருக்கும். அது கடகடவென ஓசையிடுகிறது என்று கழற்றி எறிந்துவிடுகின்றனர். ஓசை எழுந்தால் போல்ட்டை முடுக்க வேண்டுமேயன்றித் தகட்டைத் துறக்கலாகாது. பானட் விளிம்பின் ரப்பர்ப் பட்டைகளும் ரேடியேட்டரைச் சுற்றிய பிளாஸ்டிக் மறைப்பும் அழகுக்காக அமைந்தவையல்ல. காற்றை உரிய வழியில் செலுத்துபவை.

மூன்றாவதாக, ஊர் நெருங்கும்போது கடைசி இரண்டொரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வாருங்கள். டர்போ வண்டியாயின், விரைந்து ஓடிவந்த பின் ஒரு நிமிடமேனும் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நிறுத்துங்கள். நிழலில் நிறுத்துங்கள். பாதுகாப்பான இடமாயின் பானட்டைச் சிறிது நேரம் உயர்த்தி வைக்கலாம். ஆனால் எஞ்சின் நின்ற பின்னும் சில கார்களில் விசிறி தானே சுழலும். கையை உள்ளே விடாதீர்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் அறவே கூடாது.

நான்காவதாக, மீண்டும் கிளப்பியபின் சற்றுப் பொறுமை காட்டுங்கள். வண்டி ஓடத் தொடங்கிச் சில கிலோமீட்டருக்குள் புதுக்காற்று குழாயைத் தானே குளிரச் செய்துவிடும். அதுவரை முந்திச் செல்ல முனையாதீர்கள். வண்டியின் முழு வலிமையும் இருக்கும் என்றெண்ணி முந்துவதே விபத்துக்கு வழி வகுக்கிறது.

செய்யத் தகாதவை

இளைஞர்கள் சிலர், ஏர் ஃபில்டர் பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரைப் பொருத்துகின்றனர். உறுமல் ஓசை கூடுவதால் வேகமும் கூடியதாக எண்ணுகின்றனர். மறைப்பின்றி பானட்டுக்குள் திறந்து நிற்கும் அக்கூம்பு, எஞ்சின் சூட்டையே உறிஞ்சும். பெற்றோர் ஈட்டிய பல ஆயிரம் ரூபாயைச் செலவிட்டு வெந்த காற்றை விலைக்கு வாங்குவதை வீண் விரயம் என்றல்லாது வேறென்ன சொல்வது? ஐயமிருப்பின், ஒர்க்‌ஷாப்பில் உள்ள ஸ்கேனர் கருவியை மாட்டி, வண்டி ஓடும்போது உள்ளே வரும் காற்றின் சூட்டைப் பாருங்கள். அது வெளிக்காற்றைவிடச் சில டிகிரிகளே கூடுதலாக இருந்தால், மாற்றம் எதுவும் தேவையில்லை.

குளிர்ந்த காற்றை நாடிக் குழாயின் வாயைத் தாழ்த்தி வைப்பதும் கேடு. மழைநீர் தேங்கிய சுரங்கப் பாதையில் அவ்வாய் நீரை உறிஞ்சினால், எஞ்சினின் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நீர் புகுந்த கார்களைக் கிளப்பிப் பார்த்தே எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. புகைக் குழாயின் மேல் துணியோ பஞ்சோ சுற்றுவது தீ விபத்தில் முடியும். பெட்ரோல் பம்ப்புக்கு அன்று உதவிய ஈரத்துணியும் இன்றைய கார்களுக்குரியதன்று. அவற்றில் பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே உள்ளது.

அன்பர்களே! பிரயாண துஆவை ஓதிப் புறப்படும் நாம், வண்டியைச் செம்மையாக வைத்திருத்தலும் கடமையென உணர வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின்னர் இறைவன்பால் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. நம்மை நம்பிப் பின்னிருக்கையில் உறங்கி வரும் மனைவி மக்களும் வயது முதிர்ந்த அத்தா அம்மாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் அல்லவா? இக்கோடையில் ஒரு மாலைப் பொழுதில், எஞ்சின் ஆறியபின் பானட்டைத் திறந்து, அந்தக் குழாயையும் தகட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். செலவில்லாத வேலை; பத்து நிமிடம் போதும்.