கழுத்துக்கு ஒரு ஸ்கேன் பார்சேல்ல்ல்!

மாதனூர்ல டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு இந்தப் பேச்சு. கழுத்துல ஸ்கேன் எடுத்தா பக்கவாதம் வருமான்னு முன்னாடியே தெரிஞ்சுடுமாம். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்ல இதையும் சேர்த்து விக்கறாங்க. எல்லாரும் எடுக்கணுமா? வேணாம்ங்கறது என் கட்சி.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோற கரோட்டிட் தமனி கழுத்துல தோலுக்குப் பக்கத்துலயே ஓடுது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே அல்ட்ராசவுண்ட்தான். குழாய் அடைக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே அதோட சுவர் தடிச்சுப் போறதை மில்லிமீட்டர் கணக்குல அளந்துடலாம். இத்தாலியில பிக்னோலி குழு 1986லயே அளந்து காட்டிட்டாங்க.

நம்ம ஊர்க் கணக்கும் இருக்கு. டாக்டர் வி.மோகன் குழு சென்னையில திருமங்கலம், தி.நகர் பக்கம் செஞ்ச ஆய்வு 2000ல வெளிவந்தது. சர்க்கரை உள்ளவங்களுக்குச் சுவர் சராசரி 0.95 மி.மீ., இல்லாதவங்களுக்கு 0.74. 1.1ஐத் தாண்டினவங்க சர்க்கரைக்காரங்கள்ல 20 சதவீதம், மத்தவங்கள்ல வெறும் 1 சதவீதம்.

அந்த ஒண்ணைக் கண்டுபிடிக்க நூறு பேர் காசு கட்டணுமா? காசு போனாக்கூடப் பரவாயில்லை. அடைப்பு மாதிரி தெரியுதுன்னு அடுத்தடுத்து டெஸ்ட், கடைசியில ஆபரேஷன்னு போனா, அந்த ஆபரேஷனே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவந்துடும். அறிகுறி இல்லாத பொதுஜனத்துக்குக் கழுத்து அடைப்பு தேடி ஸ்கேன் வேண்டாம்னு அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2007, 2014, 2021னு மூணு தடவை சொல்லியாச்சு.

ஆனா எங்க சித்தப்பா கேஸ் வேற. ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை, பத்து வருஷமா சர்க்கரை, கூடவே பீடி. "உடம்பு நல்லாத்தானேடா இருக்கு"ன்னு மாத்திரையை நிறுத்திடுவார். (ஞாயித்துக்கிழமை பிரியாணியை மட்டும் நிறுத்தினதே இல்லை :-)) ஸ்வீடன்ல 3,500 பேருக்கு மேல வச்சு ஒரு சோதனை பண்ணி 2019ல லான்செட்ல போட்டாங்க. பாதிப் பேருக்கு அவங்கவங்க கழுத்துக் குழாய் நிலைமையைப் படமாக் காட்டினாங்க, டாக்டருக்கும் அனுப்பினாங்க. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, படம் பார்த்தவங்களோட இதயநோய் ரிஸ்க் மத்தவங்களைவிடக் குறைவு.   சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு டாக்டர் சொன்னா எடுக்கலாம்னுதான் நானும் சொல்வேன்.

மத்தவங்க முதல்ல பி.பி., சர்க்கரை பாருங்க. 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டு வாசல்லயே பார்த்து மாத்திரையும் கொடுத்தாங்களே, பேக்கேஜ் நோட்டீஸைவிட அது எவ்வளவோ மேல்.

ஒண்ணே ஒண்ணு. திடீர்னு ஒரு கை மரத்துப் போய், வாய் குழறி, இல்லை ஒரு கண்ணு மட்டும் இருட்டி, பத்து நிமிஷத்துல சரியாப் போச்சுன்னா "பித்தம்"னு படுத்துடாதீங்க. அன்னைக்கே வேலூருக்கு வண்டி ஏறுங்க. அப்ப இந்த ஸ்கேன் கட்டாயம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை.