காந்தலூர் ஆப்பிளும் நெய்யப்ப ருசியும்



ஆடி முடிந்து ஊர் ஓணத்துக்குத் தயாராகும் நேரத்தில் இடுக்கி மாவட்டத்துக் காந்தலூரில் ஆப்பிள் பறிப்பு நடக்கும். கேரளத்தில் ஆப்பிளா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறையூரிலிருந்து மேலே ஏறினால் வரும் மலைக்கிராமம் அது. சுமார் 1,500 மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், மழைமறைவில் இருப்பதால் மூணாறு மாதிரி நாள் முழுக்க நனைந்துகொண்டிருக்காது. கேரளத்தில் ஆப்பிள் விளைகிறது என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது இந்தப் பக்கம்தான்.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு காந்தலூர் போனார்களாம். தோட்டத்திலேயே ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டு, புளிக்கிறது என்று வைத்துவிட்டார்கள். “இதை வைத்து ஒரு கேக் செய்ய முடியுமா? அதுவும் எங்கள் வீட்டுக் கார்த்திகை நெய்யப்பத்தின் ருசி வருகிற மாதிரி?” என்பது அவருடைய கேள்வி. சமையல் பகுதிக்கு அனுப்பியிருக்க வேண்டிய கடிதம். எனக்கு விட மனசில்லை, இந்தப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டேன்.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலத்து மாவட்டங்கள்தான். ஆனாலும் பாலக்காட்டுக்காரர் காந்தலூர் போகச் சுலபமான பாதை பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் ஓடி, சின்னாறு சரணாலயத்தைக் கடந்து, மறுபடி கேரளத்துக்குள் ஏறுகிறது. ஏறிப் போய்ச் சேரும் இடத்திலும் தமிழ்தான். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்ததற்கு அஞ்சுநாடு என்று பெயர். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சித்தூர்க்காரர் பேசும் தமிழ் ஒரு மாதிரி, காந்தலூர்க்காரர் பேசும் தமிழ் இன்னொரு மாதிரி. ஆப்பிள் விலை பேசுவதற்கு இரண்டும் போதும்.

அந்த ஆப்பிளுக்கு வருவோம். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் பெயர் பெற்ற ரகங்கள் பலவற்றுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் குளிர் கிடைக்க வேண்டும். நம் மலைகளில் அவ்வளவு குளிர் கிடையாது. அதனால் குறைந்த குளிரே போதும் என்கிற ரகங்கள்தான் இங்கே கைகொடுக்கும். கொடைக்கானலில் பெயர் எடுத்த பார்லின்ஸ் பியூட்டி அந்த வகை. காந்தலூர்ப் பழம் சிறியது. சில பழங்களில் பாதி சிவப்பு, பாதி பச்சை. மெழுகுப் பளபளப்பு இல்லை. பெரிய சந்தைக்குப் போகிற அளவுக்கு விளைச்சலும் இல்லாததால் பெரும்பாலும் தோட்டத்துக்கு வருகிறவர்களிடமே விற்றுப் போகிறது. குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருகிற பெரிய சிவப்பு ஆப்பிளோடு தட்டில் பக்கத்தில் வைத்தால் இது தோற்றுவிடும்.

அடுப்பில் வைத்தால் கதை மாறும். இனிப்பு மட்டுமே உள்ள பெரிய ஆப்பிள் வெந்ததும் மாவாகிவிடும், ருசியும் எங்கோ போய்விடும். புளிப்பும் இறுக்கமும் உள்ள பழம் வெந்த பிறகும் துண்டாக நிற்கும், வெல்லத்தோடு சேரும்போது அந்தப் புளிப்புதான் நாக்கில் தட்டும். பிள்ளைகள் ஒதுக்கியதற்கு என்ன காரணமோ, அதே காரணத்துக்காக நான் அதைக் கேக்குக்குத் தேர்ந்தெடுப்பேன்.

ஆப்பிளை மாவில் போட்டுப் பொரிப்பது உலகத்தில் பல இடங்களில் உண்டு. நெதர்லாந்தில் டிசம்பர் 31ஆம் தேதி பொரித்த ஆப்பிள் பலகாரம் இல்லாமல் புத்தாண்டு பிறக்காது. அமெரிக்க டோனட் கடைகளில் ஆப்பிள் ஃப்ரிட்டர் என்று, மேலே சர்க்கரைப் பாகு வழியக் கொடுப்பார்கள். அந்த ருசியைக் கேக்கில் கொண்டுவர வீட்டு அடுப்படிகளில் அங்கே எத்தனையோ வழிகள் இருக்கின்றன. பட்டையும் வெண்ணெயும் அவர்கள் கணக்கு. நமக்கு நெய்யப்பம் இருக்கிறது: ஊறவைத்து அரைத்த பச்சரிசி, வெல்லம், பழம், நெய்யில் வறுத்த தேங்காய்க் கீற்று, ஏலம், சுக்கு. அப்பக்காரையின் குழியில் நெய் காய்ந்து, மாவு விழுந்ததும் ஓரம் முறுகுமே, அந்த ஓரம்தான் சித்தூர் வாசகி கேட்கும் ருசி.

அது ஏன் கேக்கில் தானாக வருவதில்லை? எண்ணெயும் 180 டிகிரி, ஓவனும் 180 டிகிரி. ஆனால் சூடான எண்ணெய் மாவைத் தொட்டுக்கொண்டே சூட்டைக் கொடுக்கிறது. மேல்பரப்பின் ஈரம் கொப்புளித்து வெளியேறி, தோல் உலர்ந்து, சிவக்கிறது. வாசனை பிறப்பது அந்தச் சிவப்பில். ஓவனில் சூட்டைக் கொண்டுவருவது காற்று. அது மெதுவாகத்தான் கொடுக்கும். போதாக்குறைக்கு ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். பச்சையாக நறுக்கிப் போட்டால் கேக்குக்குள்ளே அது விடுகிற நீரில் சுற்றியுள்ள மாவு வேகாமல் களியாகிவிடும். ஆகவே பொரிப்பதில் ஒரு பங்கை ஓவனுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பொரிக்கிற மாவைச் சுட்டெடுக்கிற யோசனை கேரளத்துக்குப் புதிதும் இல்லை. வடக்கே கண்ணூர், காசர்கோடு பக்கம் கலத்தப்பம் செய்வார்கள். ஏறக்குறைய நெய்யப்ப மாவுதான். அதைக் குழியில் ஊற்றாமல் கனமான பாத்திரத்தில் மொத்தமாக ஊற்றி, கீழே தணலும் மூடிக்கு மேலே தணலுமாக வைத்து எடுப்பார்கள். சின்ன வெங்காயமும் தேங்காயும் வறுத்துப் போடுவது அவர்கள் வழக்கம். இன்று பெரும்பாலும் குக்கரில் செய்கிறார்கள். அதே மலபாரில், தலைச்சேரியில், 1883இல் மாம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரரிடம் மர்டாக் பிரௌன் என்ற தோட்ட முதலாளி இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, இதுபோலச் செய் என்றாராம். பாபு பிராந்திக்குப் பதில் முந்திரிப் பழமும் கதலியும் சேர்ந்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றிச் செய்து கொடுத்தார் என்பது தலைச்சேரி இன்றும் பெருமையோடு சொல்லும் கதை. வெளியூர்ப் பண்டத்தில் உள்ளூர்ச் சாமான் சேர்ப்பதற்கு நாம் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி அளவு. சின்ன ஆப்பிளாக 400 கிராம், மைதா 180 கிராம், அரிசி மாவு 30 கிராம், வெல்லம் 180 கிராம், நெய் 100 கிராம், கெட்டித் தயிர் 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஏலக்காய் ஆறு, சுக்குப் பொடி அரை டீஸ்பூன், ஒரு கைப்பிடி தேங்காய்க் கீற்று, ஒரு சிட்டிகை உப்பு. அக்ரஹாரத்து வீடுகளையும் நினைத்து முட்டை சேர்க்கவில்லை. தயிர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

வெல்லத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அரை டம்ளருக்கும் குறைவான தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஆறவிடுங்கள். நெய்யில் மூன்று ஸ்பூனைக் காயவைத்துத் தேங்காயைச் சிவக்க வறுத்து எடுங்கள். அதே நெய்யில், தீயைக் கூட்டி, ஆப்பிள் துண்டுகளைப் போடுங்கள். வாணலியில் நெருக்கமாகக் கிடந்தால் வேகும், சிவக்காது. இரண்டு தடவையாகப் போடுவது நல்லது. ஓரங்கள் சிவந்து, சட்டியில் நீர் இல்லை என்று தெரிந்த பிறகு எடுத்துவைத்த வெல்லத்தையும் சுக்கையும் சேர்த்து ஒரு புரட்டு புரட்டி இறக்குங்கள். முழுக்க ஆற வேண்டும்.

வெல்லக் கரைசல், தயிர், மீதி நெய் மூன்றையும் அடித்துக் கலந்து, சலித்த மாவு வகைகளையும் ஏலத்தையும் சேர்த்து, கட்டி இல்லாமல் கலந்ததும் நிறுத்திவிடுங்கள். அடிக்க அடிக்க மைதா இழுவையாகும். ஓவனை 180 டிகிரிக்குச் சூடாக்கும்போதே, நெய் தாராளமாகத் தடவிய கேக் டின்னையும் ஐந்து நிமிடம் உள்ளே வைத்து எடுங்கள். சூடான நெய்யில் மாவை ஊற்றும்போது சுர்ரென்று சத்தம் வர வேண்டும். நெய்யப்பத்து ஓரம் வருவது அந்த இடத்தில்தான். பாதி மாவு, பாதி ஆப்பிள், மீதி மாவு, மேலே மீதி ஆப்பிளும் தேங்காயும். 45 முதல் 50 நிமிடம். குச்சி குத்திப் பார்த்து எடுத்து, சூட்டோடு இரண்டு கரண்டி கெட்டி வெல்லப்பாகு மேலே ஊற்றினால் ஃப்ரிட்டர் கடைக்காரரும் ஒப்புக்கொள்வார். ஓவன் இல்லாதவர்கள், கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் அடியில் ஒரு வளையம் வைத்து, சிறு தீயில் செய்யலாம். மேல்பக்கம் அவ்வளவு சிவக்காது, ருசியில் பெரிய குறை இல்லை. பொரிக்காததால் உடம்புக்கு நல்லது என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நூறு கிராம் நெய் கணக்கில் இருக்கிறது.

வெல்லம் கிடைத்தால் மறையூர் வெல்லமாக இருக்கட்டும். கரும்புச்சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, பதம் வந்ததும் கையாலேயே உருட்டுகிற உண்டை அது. கருத்த நிறம், கொஞ்சம் காரம் கலந்த இனிப்பு, உப்புக்கரிப்பு குறைவு. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஏலக்காய்க்கோ எங்கும் தேட வேண்டியதில்லை. இடுக்கி ஏலம் புற்றடியிலும் தமிழ்நாட்டுப் பக்கம் போடிநாயக்கனூரிலுமாக ஏலம் விடப்பட்டு நாடெங்கும் போகிறது. இந்தக் கேக்கின் முக்கியமான சாமான்கள் மூன்றும் ஒரே மாவட்டத்து மலைகளில் விளைகின்றன. பட்டையை நான் விட்டதற்கு வேறு காரணம் வேண்டாம்.

காந்தலூர் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகான பழங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல், அடிபட்டதையும் கோணலானதையும் சேர்த்து விலை கேளுங்கள். யானையும் குரங்கும் போக மிஞ்சியதை விற்கிற விவசாயிக்கு அது உதவி. உங்கள் கேக்குக்கும் குறைவில்லை. மலைக்குப் போக முடியாதவர்கள் கடையில் புளிப்பான பச்சை ஆப்பிள் வாங்கிச் செய்யலாம்.

செய்து பார்த்து எழுதுங்கள். அப்பக்காரையில் ஆப்பிளைப் போட்டு உண்ணியப்பம் சுட்டவர்கள் பாலக்காட்டுப் பக்கம் யாராவது இருந்தால், அளவோடு அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்