ராத்திரி வேலைக்குப் போகலாம், ராத்திரி நாடகத்துக்குப் போகக்கூடாதா?

ஞாயித்துக்கிழமை சப்ளிமெண்ட்ல அடிக்கடி ஒரு வகைக் கட்டுரை வரும், பார்த்திருப்பீங்க. பிரான்சுலேருந்தோ ஜெர்மனியிலேருந்தோ வந்த ஒரு பெண். ஓஎம்ஆர்ல சாஃப்ட்வேர் வேலை. சாயங்காலம் லேப்டாப்பை மூடினா அல்லியான்ஸ் பிரான்சேஸ்ல ஒரு நாடகம், சனிக்கிழமை எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல இன்னொண்ணு. கூடவே சிரிச்ச முகமா ஒரு படம். அதைப் படிச்சிட்டு நம்ம பெருசுங்க, "எங்கிருந்தோ வந்த பொண்ணுக்கு நம்ம ஊர் கலை மேல எவ்வளவு ஆர்வம் பாரு"ன்னு மெச்சிக்குவாங்க.

அந்தப் பெண் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்லா பார்க்கட்டும். என் சண்டையெல்லாம் மெச்சிக்கிறவங்களோடதான்.

அதே ஓஎம்ஆர், அதே வேலை. ஆள் மட்டும் உத்திரமேரூர்க்காரின்னு வச்சுக்குங்க. எங்க பெரியப்பா பொண்ணு அப்படித்தான் தரமணிப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. ராத்திரி எட்டரைக்கு கேட் பூட்டிடுவாங்க. ஆனா அவளுக்கு வாரம் விட்டு வாரம் நைட் ஷிப்ட். அதுக்கு மட்டும் விதிவிலக்கு. கம்பெனி லெட்டர் இருந்தா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு கேப்ல வந்து இறங்கினாலும் வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்துவிடுவார். ஒரு தடவை நாடகம் பார்த்துட்டு ஒன்பதரைக்கு வந்தா. வார்டன் நேரா பெரியப்பாவுக்கு போன் போட்டுட்டாங்க. விஷயம் ஊர் வரைக்கும் வந்து, "படிக்க வச்சது வேலைக்குப் போகத்தானே, ஊர் சுத்தவா?"ன்னு பஞ்சாயத்து. ரெண்டு மணிக்கு வந்தா பொறுப்பான பொண்ணாம், ஒன்பதரைக்கு வந்தா அடங்காத பொண்ணாம்!

நான் பி.காம் படிக்கிறவன், எனக்கு இதுல லெட்ஜர்தான் தெரியுது. சம்பளம் கொண்டுவர்ற ராத்திரி வரவுப் பக்கம். டிக்கெட் வாங்குற ராத்திரி செலவுப் பக்கம். பொண்ணோட பாதுகாப்பு ரெண்டு பக்கத்துலயும் எழுதப்படவே இல்லை.

சட்டத்தோட கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1948 தொழிற்சாலைகள் சட்டத்துல 66-வது பிரிவுன்னு ஒண்ணு, பெண்களை ராத்திரி 7-லிருந்து காலை 6 வரைக்கும் ஃபேக்டரியில வேலை வாங்கக்கூடாதுன்னு சொல்லுச்சு. 2000 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணுச்சு. போக்குவரத்து, பாதுகாப்புக்கெல்லாம் நிபந்தனையும் போட்டுச்சு. 2019-ல தமிழ்நாட்டுக் கடைகளும் நிறுவனங்களும் 24 மணி நேரமும் இயங்கலாம்னு அரசு உத்தரவு போட்டப்பவும், பெண் எழுதிக் கொடுத்துச் சம்மதிச்சா எட்டு மணிக்கு மேலயும் வேலை பார்க்கலாம்னு சொன்னாங்க. நல்லது, ரெண்டையும் நான் எதிர்க்கலை. முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டதும் இருட்டு அவ்வளவு பயங்கரமா இல்லாம போயிடுச்சு பாருங்க, அதைத்தான் சொல்றேன்.

"நம்ம பண்பாட்டுல பொம்பளைங்க ராத்திரி நாடகம் பார்க்குறதா"ன்னு இழுக்கிறவங்களுக்கு ஒரு கேள்வி. நீங்க எந்த ஊர்? நம்ம பக்கத்துல திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வச்சா, ராத்திரி பத்து மணிக்குக் கூத்து ஆரம்பிச்சு விடிய விடிய நடக்கும். முன்வரிசையில பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறது யாரு? நம்ம ஆயாவும் அத்தையும்தான். கட்டியங்காரன் அடிக்கிற பச்சை ஜோக்குக்கு முதல்ல சிரிக்கிறதும் அவங்கதான். பாஞ்சாலி துகில் நடக்குறப்போ சாமம் தாண்டியிருக்கும். யாராவது கேட்டைப் பூட்டினாங்களா? இந்த எட்டரை மணிப் பண்பாடு ஹாஸ்டல்காரங்க கண்டுபிடிச்சது. ஆயாகிட்ட சொன்னா சிரிப்பாங்க.

இதுல இன்னொரு கூத்து. நம்ம மாவட்டத்துக்கே அப்படி ஒரு வெளிநாட்டுப் பெண் வந்தாங்க. ஹன்னே டி ப்ரூயின், நெதர்லாந்துக்காரங்க. கட்டைக்கூத்தை ஆராய்ச்சி பண்ண வந்தவங்க, கூத்துக் கலைஞர் ராஜகோபாலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இங்கேயே தங்கிட்டாங்க. 1990-ல தொடங்கின கட்டைக்கூத்துச் சங்கத்துல ரெண்டு பேருக்கும் பெரிய பங்கு. காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கல்ல 2002 முதல் 2020 வரைக்கும் ஒரு குருகுலம் நடந்துச்சு, பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்த்து. ஆம்பளைங்களே பொம்பளை வேஷமும் கட்டின கலை அது. அந்தக் குருகுலத்துல பெண் பிள்ளைங்களும் வேஷம் கட்டக் கத்துக்கிட்டாங்க. ஒரு வெள்ளைக்காரம்மா கூத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணா பெருமை. நம்ம ஊர்ப் பொண்ணு அதே கூத்துல கிரீடம் வச்சு மேடை ஏறினா, "கல்யாணம் ஆகுமா?"ன்னு கேள்வி.

சரி, பாதுகாப்பு. ஒத்துக்கிறேன், ரோடு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆனா நைட் ஷிப்ட்டுக்கு மட்டும் கேப் வருது, கூட செக்யூரிட்டி வருது. வேணும்னு நினைச்சா ஏற்பாடு பண்ண முடியுதுல்ல? கேட்டைப் பூட்டுறது செலவில்லாத வழி, அதனாலதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.

திருச்சூர் கேரளவர்மா கல்லூரியில ஒரு மாணவி இதைக் கோர்ட்டுக்கே கொண்டு போனாங்க. ஹாஸ்டல் பொண்ணுங்க ஃபர்ஸ்ட் ஷோ, செகண்ட் ஷோ போகக்கூடாதுன்னு அங்கே விதி. படத்துக்குப் போறதா வேண்டாமான்னு அந்தப் பெண்தான் முடிவு பண்ணணும், நிர்வாகம் தன்னோட ஒழுக்கத்தை அவ மேல திணிக்க முடியாதுன்னு 2019-ல கேரள உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. பசங்க ஹாஸ்டல்ல இல்லாத விதி பொண்ணுங்களுக்கு மட்டும் ஏன்னும் கேட்டுச்சு. நம்ம பசங்க இதைப் படிச்சிட்டு "சூப்பர் மச்சி"ன்னு சொல்லிட்டு, வீட்டுல தங்கச்சி கேட்டா வாயை மூடிக்குவீங்கன்னு தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்ட்ல ஒரு பெரிய விடுதி திறந்தாங்க. ஐபோன் தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் பெண்கள் 18,720 பேர் தங்குற மாதிரி. செலவு 700 கோடிக்கு மேல. அங்கே தங்குறவங்கள்ல எத்தனை பேர் சின்ன வயசுல பாட்டி மடியில படுத்துக்கிட்டே கூத்து பார்த்த புள்ளைங்களா இருப்பாங்க! புஞ்சரசந்தாங்கல் ஒண்ணும் ரொம்ப தூரமில்லை. மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அந்த வளாகத்துல ஒரு மேடை போட்டு, விடியற வரைக்கும் கூத்து நடத்துங்க. மறுநாள் ஷிப்ட் இல்லாதவங்களுக்கு எந்த லெட்டரும் கேட்காதீங்க. பாய் அவங்களே கொண்டு வருவாங்க.